பலகையாட்டமும் இளையோர் அறிவும்: ஒரு வரலாற்று நோக்கு

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியல் என்றோர் இயல் உண்டு. மெய்யெழுத்தில் முடியும் சொற்கள் பிற சொற்களோடு சேருங்கால் எவ்வாறு திரியும் என்று கூறும் அவ்வியலில், 'வல்' என்னும் சிறு சொல்லுக்கெனத் தனி விதி வகுக்கப்பட்டுள்ளது. நாய் என்ற சொல்லும் பலகை என்ற சொல்லும் அதனை அடுத்து வந்தால் வல்லநாய், வல்லப்பலகை என்றும் வழங்கலாம் என்பது அவ்விதியின் பயன். ஈண்டு நாய் என்றது வாலாட்டும் நாயை அன்று, ஆட்டக் காயை. வல் என்பது அக்காயைக் கொண்டு பலகையில் ஆடப்பெற்ற ஆட்டக் கருவி. ஓர் இலக்கண நூல் ஒரு சொல்லின் புணர்ச்சிக்குத் தனி விதி கூற முற்படுகிறது என்றால், அச்சொல் மக்கள் நாவில் நாள்தோறும் புழங்கியிருத்தல் வேண்டும். பலகையாட்டம் தமிழர் வாழ்வில் எத்துணைப் பழையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சங்கப் புலவர் இருவர் இவ்வாட்டத்தை நமக்குக் காட்டிச் சென்றுள்ளனர். இருவர் காட்டுவதும் பாழ்பட்ட ஊரையே என்பது கருதத்தக்கது. புறநானூற்று 52ஆம் பாட்டில், தெய்வம் கைவிட்டுப் போன பொதியில் ஒன்று வருகிறது. நரைத்த முதியோர் நாள்தோறும் காய் வைத்து ஆடியதால் தரையில் குழிவு விழுந்திருக்கிறது. ஆடுவோர் போய்விட்டனர், அக்குழிவில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. மருதன் இளநாகனார் ஊரின் அழிவைச் சொல்ல எரிந்த கூரையையும் இடிந்த மதிலையும் தேடிப் போகவில்லை. ஆளில்லாத ஆட்டக் களம் ஒன்றே அவருக்குப் போதுமானதாயிற்று. அகநானூற்று 377ஆம் பாட்டிலும் குடிகள் நீங்கிய மன்றம். முதியோர் நடுங்கும் தலையைத் தாழ்த்தி ஆடிய வல்லுப் பலகையைக் கறையான் அரித்துக் கிடக்கிறது.

அகநானூற்றுப் புலவர் அம்முதியோரின் மனத்துக்கு ஓர் அடை கொடுக்கிறார். அதனைக் கவைத்த மனம் என்று நாம் சொல்லலாம். கவை என்பது இரண்டாகப் பிரிந்த கிளை. உரைகாரர்கள் இதனைப் பிளவுபட்ட நினைவு என்ற பொருளில் கொள்வர். ஆடிப் பழகியவர்க்கு இதன் பொருள் விளங்கத் தடையிராது. என் காயை எங்கே வைப்பேன் என்பது ஒரு கிளை. வைத்தால் எதிரில் இருப்பவன் என் செய்வான் என்பது மற்றொரு கிளை. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கி நிற்கும் மனமே ஆடும் மனம். இன்றைய உளவியலார் பிறர் மனம் அறிதல் என்று கூறி ஆராய்வது இதன் அடிப்படையைத்தான். 1983ஆம் ஆண்டில் விம்மர், பெர்னர் என்னும் இருவர், தனக்குத் தெரிந்த ஒன்று பிறனுக்குத் தெரியாதிருக்கலாம் என்ற உணர்வு ஒரு குழந்தைக்கு எப்போது வருகிறது என்று சோதித்து, ஏறத்தாழ 4 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் அது உருப்பெறுவதைக் கண்டனர். பலகைக்கு முன் முதன்முதலாக உட்கார வைக்கப்படும் வயதும் அதுவே.

நம் போன்ற இலக்கிய வட்டத்தார் மறக்கலாகாத ஒரு குறட்பாவும் இங்கே நினைவுக்கு வருகிறது. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில், நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசுகிறவனுக்கு வள்ளுவர் ஓர் உவமை கூறுகிறார்: கட்டம் வரையாமல் வட்டாடுகிறவன். காயும் இருக்கிறது, கையும் இருக்கிறது, கோடு இல்லை. கவியரங்குகளில் நாம் சிலசமயம் காண்பதும் இதுவே என்றால் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

இத்தனை சான்றுகளிலும் குழந்தைகள் இல்லை என்பதே நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி. பொதியிலில் ஆடுவோர் நரைமுடியினர்; அவையில் பேசுவோர் ஆடவர். சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் சிற்றில் இழைக்கின்றனர், வண்டற்பாவை செய்கின்றனர். பட்டினப்பாலையில் சிறுவர்க்கு மூன்றுருளைச் சிறுதேர் உண்டு. பலகைமுன் அமர்ந்த சிறுமி ஒருத்தியை அந்தப் பாடல்களில் நான் கண்டதில்லை. 2015இல் தொடங்கிய கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டுகள் மிகுதியாகவும், ஆட்டக்காய்களும், தந்தத்தாற் செய்த பகடையும் கிடைத்துள்ளன. ஆனால் எவர் கைபட்டுத் தேய்ந்தன என்று மண் சொல்வதில்லை. போதாக்குறைக்கு வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிக் கடிந்துவிட்டமையால், காயுருட்டும் ஆட்டம் அனைத்தின்மீதும் பழி படிந்தது. பொருள் வைத்தாடும் சூதும், புளியங்கொட்டை வைத்தாடும் பிள்ளை விளையாட்டும் ஒன்றல்ல என்பதைப் பெரியோர் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. 'படிக்கிற பிள்ளைக்குத் தாயம் எதற்கு' என்ற அதட்டலுக்குப் பின்னால் அந்தப் பழைய அச்சம் நிற்கிறது.

இக்குறையை நீக்கியவர் நம் பகுதியில் பிறந்தவர். தேவநேயப் பாவாணர் 1902இல் சங்கரன்கோவிலில் தோன்றினார். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டம் அமைக்கப்பட்டபோது அவ்வூர் இம்மாவட்டத்தில் சேர்ந்தது. சொல்லாராய்ச்சியில் அவர் கொண்ட முடிபுகள் சிலவற்றை ஏற்பார் உளர், மறுப்பார் உளர். 1954இல் வெளிவந்த அவருடைய 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலைப் பற்றி அவ்வாறு இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆண்பிள்ளைகள் ஆடுவன, பெண்பிள்ளைகள் ஆடுவன, இருபாலாரும் ஆடுவன என்று பகுத்து, பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்றும் பிரித்து, ஆட்டின் பெயர் முதல் ஆடுவார் தொகை, கருவி, இடம், முறை வரை ஓர் இலக்கண ஆசிரியருக்குரிய ஒழுங்கில் எழுதிச் சென்றார். பதினான்கு குழி என்ற தொடரே மருவிப் பல்லாங்குழி ஆயிற்று என்பது அவர் கொள்கை. பள்ளிக்கூடம் கீழாக நினைத்த ஒன்றைப் புலவர் ஒருவர் நூலாக்கத் தகுந்தது என்று கருதியதே பெரிது. அதே 1954இல் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. மறைந்தார். கவிதையைக் காதாலும் நாவாலும் துய்க்கக் கற்பித்தவர் ஒருவர் போன ஆண்டில், விளையாட்டைக் கண்ணாலும் கையாலும் கற்ற பிள்ளைகளின் நூல் வந்தது என்பதில் தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும் இவ்வட்டாரத்து ஆண்டுக் கணக்கில் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன.

இனிப் பல்லாங்குழிக்கு வருவோம். இதனைச் சற்று விரித்துக் கூறாவிட்டால், அறிவு வளர்க்கும் ஆட்டம் என்று பொதுவாகச் சொல்லிப் போகும் வழக்கத்தில் நாமும் விழுந்துவிடுவோம்.

வரிசைக்கு ஏழாக இருவரிசையில் 14 குழிகள். குழிக்கு ஐந்து காய் என்று வைத்தால் மொத்தம் 70 காய். காய் என்பது புளியங்கொட்டையாகவோ சோழியாகவோ மஞ்சாடியாகவோ குன்றிமணியாகவோ இருக்கும். ஆடத் தொடங்குகிறவள் தன் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வாள். கையில் இருப்பது தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர்வாள். அடுத்த குழி வெறுங்குழியாயின், அதனைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ள குழியின் காய்களைத் தனதாக்கிக் கொள்வாள்; ஆட்டம் எதிரியிடம் போகும். அடுத்தடுத்து இரண்டு குழிகள் வெறுமையாயின் கிடைப்பது ஒன்றுமில்லை. இடையே எந்தக் குழியிலேனும் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். அப்பசு அந்தக் குழிக்குரியவளைச் சேரும்; ஆடிக்கொண்டிருப்பவள் யாராயினும் சரி.

ஆதலால் பல்லாங்குழி ஆடுகிறவள் தன் கை ஓடும்போதே எதிரியின் பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரியோ, தனக்கு ஆட்டம் இல்லாத வேளையிலும் கண்ணை எடுக்க முடியாது. பசு விழுந்ததைக் கவனியாது விட்டால் மேலும் ஒரு காய் விழுந்து ஐந்தாகிவிடும், பசு போய்விடும். சதுரங்கத்தில் எதிரி யோசிக்கும் நேரம் நமக்கு ஓய்வு நேரமாகலாம். இங்கே ஓய்வு என்பது இல்லை.

நான்கு என்ற எண் ஏன் என்று எண்ணிப் பார்க்கத்தக்கது. இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1871இல் ஒரு சிறு சோதனையை எழுதி வெளியிட்டார். தட்டின் நடுவே ஒரு சிறு பெட்டியை வைத்துக்கொண்டு, அவரை விதைகளை அதனை நோக்கி எறிந்து, உள்ளே விழுந்தவை எத்தனை என்று எண்ணாமல் ஒரு பார்வையில் சொல்லிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை செய்ததில், மூன்றும் நான்கும் விழுந்தபோது அவர் ஒருமுறையும் தவறவில்லை. ஐந்து விழுந்தபோது தவறு தொடங்கிற்று. எண்ணாமல் அறியும் கண்ணின் எல்லை நான்கு என்பதைப் பின்வந்தோர் பலரும் உறுதிப்படுத்தியுள்ளனர். ஜெவன்ஸ் கண்ட அதே எல்லையில் நம் பசு நிற்கிறது. இது கருதி அமைத்ததோ தற்செயலோ, ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான எண் வேறில்லை. காய்கள் ஓடும் விரைவில் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. கண்டவுடன் அறிய வேண்டும். எட்டு வயதுச் சிறுமி 'பசு' என்று கூவும்போது அவள் எண்ணுவதில்லை, காண்கிறாள்.

எண்ணும் வேலை ஆட்டத்தின் முடிவில் வருகிறது. ஒருத்தியிடம் 43 காய், மற்றவளிடம் 27 காய் என்று கொள்வோம். முன்னவள் தன் ஏழு குழிகளையும் நிரப்பி 8 காயை மடியில் வைத்துக்கொள்வாள். பின்னவள் ஐந்து குழிகளை நிரப்பியபின் இரண்டு காய் மிஞ்சும். இரண்டு குழி நிரம்பாது. அவை தக்கம், அடுத்த ஆட்டத்தில் சேரா. ஐந்தால் வகுத்து ஈவும் மீதியும் காணும் கணக்கைச் சிலேட்டில் எழுதத் தெரியாத பிள்ளையும் கைவிரைவில் செய்து முடிப்பாள். தோற்றவள் தோற்ற பொருளோடு மீண்டும் ஆட வேண்டும் என்பதும், குழி குறைந்த நிலையிலிருந்து ஏறி வரவும் இயலும் என்பதும் இவ்வாட்டத்தில் உண்டு. ஒரு குழிக்கும் போதாத அளவுக்குக் காய் குறைந்துவிட்டால், குழிக்கு ஒவ்வொரு காயாக வைத்து ஆட்டத்தைத் தொடர எதிரி இசைவாள். இதற்குக் கஞ்சி காய்ச்சுதல் என்று பெயர். வீழ்ந்தவளைத் துரத்தாமல் கஞ்சிக்கு வழிவிடும் ஒரு விதியை ஆட்டத்துக்குள்ளேயே வைத்த மனம் யாருடையது என்று நமக்குத் தெரியாது. சட்டமன்றத்தில் இயற்றப்பட்டது அன்று என்பது மட்டும் தெரியும்.

இவ்விடத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜேயை நினைக்க வேண்டியிருக்கிறது. 1932இல் வெளிவந்த தம் நூலில் அவர், குழந்தைகள் விதி என்பதை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதைக் கோலிக்குண்டு ஆடும் சிறுவர்களிடம் கேட்டறிந்து எழுதினார். சிறு வயதில் விதி என்பது பெரியவர் தந்தது, மாற்றலாகாதது. பத்துப் பதினோரு வயதுக்குமேல் அது தமக்குள் இசைந்து வகுத்துக்கொள்வது என்ற தெளிவு பிறக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. உலகெங்கும் ஆசிரியர்கள் இதனைப் படித்துப் பயன்பெற்றிருக்கின்றனர். ஆனால் அந்நூலிலேயே, சட்ட உணர்வு சிறுவரைவிடச் சிறுமியரிடம் மிகக் குறைவு என்றும் அவர் எழுதிவைத்தார். அவர் சிறுமியரிடம் பார்த்தவை ஒளிந்து பிடிக்கும் எளிய ஆட்டங்கள். 1976இல் ஜேனட் லீவர் அமெரிக்கச் சிறாரைக் கவனித்து, சச்சரவு எழுந்தால் சிறுவர் வாதிட்டுத் தீர்த்து ஆட்டத்தைத் தொடர்கின்றனர், சிறுமியர் ஆட்டத்தையே நிறுத்திவிடுகின்றனர் என்றார். அது குறையன்று, ஆட்டத்தைவிட உறவைப் பெரிதாக மதிப்பதன் விளைவு என்று 1982இல் கரோல் கில்லிகன் மறுமொழி கூறினார். ஒருபுறம் சட்டம், மறுபுறம் பரிவு என்று வழக்கு இரண்டாயிற்று.

தென்காசித் திண்ணை ஒன்றில் அரைநாள் அமர்ந்திருந்தால் பியாஜே அந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்பது என் கருத்து. பல்லாங்குழியில் சட்டம் கொஞ்சமா? குழிக்குரிமை, பசுவுக்குரிமை, வெறுங்குழி விதி, தக்கம், கஞ்சி என்று அடுக்கடுக்காக நிற்கும் அவ்வளவும் அச்சில் ஏறாமல் பெண்களின் நாவிலேயே தலைமுறை தலைமுறையாக வந்தவை. தாயிடம் ஒருவிதமும் பக்கத்து வீட்டு அத்தையிடம் வேறுவிதமும் கற்ற இரு சிறுமியர் எதிரெதிரே அமர்ந்தால், 'எங்க வீட்டுல இப்படித்தான்' என்ற வழக்கு முதலில் தீர்க்கப்பட வேண்டும். குழிக்கு ஐந்தா ஆறா? காயைத் தொட்டு எண்ணலாமா? பசுவைக் கவனிக்கத் தவறினால் பின்னர்க் கேட்கலாமா? இவற்றை முடிவு செய்தபின்னரே முதற்காய் விழும். கஞ்சி விதியோ, லீவரும் கில்லிகனும் எதிரெதிராக நிறுத்திய சட்டத்தையும் பரிவையும் ஒரே குழியில் இட்டுவிடுகிறது.

இவ்வாட்டத்தைப் பெண்பிள்ளைகள் பேணிவந்தமைக்குக் காரணம் மகிழ்ச்சியானது மட்டும் அன்று. பூப்பெய்திய பெண்ணைத் தெருவுக்கு விடாத காலத்தில் வீட்டுக்குள் இருந்து ஆடத்தக்கது இது. மணப்பெண்ணுக்குச் சீராகப் பல்லாங்குழிப் பலகை கொடுக்கும் வழக்கம் சில குடிகளில் இருந்தது. மரத்திலும் பித்தளையிலும் மீன்வடிவில் செய்த பலகைகளைப் பழைய வீடுகளில் காணலாம். அடைப்பு ஒருபுறம், அடைப்புக்குள் வளர்ந்த நுண்ணறிவு ஒருபுறம். முன்னதைக் கண்டிப்பவர் பின்னதையும் சேர்த்து எறிந்துவிட்டனர். பின்னதைப் போற்றுகிறவர் முன்னதைப் பேசுவதில்லை.

நம் வட்டாரத்துக்கு மழையும் ஒரு காரணம். ஆனி, ஆடி, ஆவணியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் அருவியாகி, தென்காசித் தெருவில் சாரலாகத் தூவுகிறது. நனையவும் முடியாத, வெளியே ஓடவும் முடியாத அந்தப் பிற்பகல்கள் பலகைக்கே உரியவை. வெளியூரார் அருவிக்கு வரும் பருவம் உள்ளூர்ப் பிள்ளைகள் திண்ணையேறும் பருவமாக இருந்தது.

திண்ணையில் இன்னொன்றும் ஏறியது: பீடித்தட்டு. ஆலங்குளம், கடையம் வட்டாரங்களில் பெண்களின் மடியில் முறமும் இலையும் தூளும் அமர்ந்தபின், சிறுமியின் விரல்களுக்கும் அங்கே வேலை வந்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடித் தொழிலில் சிறாரை ஈடுபடுத்துவதைத் தடை செய்தது. குடும்பத்தார் துணையோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அன்று விலக்கும் அளித்தது. வீட்டுத் திண்ணையில் நடந்த தொழிலுக்கு அவ்விலக்கு எத்தகைய வாயிலாயிற்று என்பதை விளக்க வேண்டுவதில்லை. பல்லாங்குழி மறைந்ததற்குத் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தட்டு நினைவுக்கு வரும். ஆடுவதற்குக் கை ஒழிவாக இருக்க வேண்டும் அல்லவா?

சிறுவர் ஆடிய ஆடுபுலியைப் பற்றியும் கூற வேண்டும். தென்பாண்டியில் பதினைந்தாம் புலி என்றும் வழங்குவர். முக்கோணத்தின் குறுக்கே கோடுகள் இழுத்து 23 சந்திகள். 3 புலி, 15 ஆடு. பலகை வேண்டா, கரிக்கட்டியும் சிமிட்டித் தரையும் போதும். தமிழகக் கோயில் மண்டபங்கள் பலவற்றின் கல்தளத்தில் இக்கோடுகள் செதுக்கப்பட்டுள்ளன. நேபாளத்தில் 4 புலியும் 20 ஆடுமாக ஆடுகின்றனர். இலங்கையில் இவ்வகை ஆட்டங்களையும், குன்றிமணி வைத்தாடும் ஒலிந்த என்னும் குழியாட்டத்தையும் எச். பார்க்கர் 1909இல் தம் நூலில் பதிவு செய்தார். மற்ற நாட்டார்க்குப் புலி ஓர் உருவகமாக இருக்கலாம். களக்காடு முண்டந்துறைக் காட்டின் ஓரத்தில், கடையத்து மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் பையனுக்கு அது உருவகமன்று.

இவ்வாட்டத்தின் சிறப்பு அதன் சமமின்மை. சதுரங்கத்தில் இருபுறமும் ஒரே படை. இங்கே ஒருவனுக்குப் பாயும் ஆற்றல், மற்றவனுக்கு எண்ணிக்கை. ஆட்டுக்காரன் பதினைந்தையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை எதையும் நகர்த்தலாகாது. அதற்குள் சில ஆடுகள் போகும். போகிற ஆட்டுக்காக வருந்தித் துணைக்கு ஓடினால் அடுத்ததும் போகும். பின்னால் இடம் ஒழிவில்லாதபடி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்ட முடியாது. இதை அறிந்த பையன் புலியை அடைத்து விடுகிறான். ஆவலை அடக்கிப் பொறுத்திருக்கும் பயிற்சியை இதைவிட நன்றாக எந்த நீதிநூலும் சிறுவனுக்கு ஊட்டியதில்லை. சமமற்ற ஆட்டத்தில் நியாயம் எங்கே என்றால், பலகைக்கு வெளியே இருக்கிறது: அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாற வேண்டும். புலியாக இருந்து வென்றவன் ஆடாக அமர்ந்து பார்க்க வேண்டும். பக்கம் மாற மறுப்பவனோடு யாரும் ஆடமாட்டார்கள். அதுவே அங்குத் தண்டனை.

தாயத்தில் ஊழும் அறிவும் கலந்துள்ளன. பக்கத்துக்குப் பக்கம் 0, 1, 2, 3 எனப் புள்ளியிட்ட பித்தளைக் கட்டைகள் இரண்டை உருட்டினால் 16 வகையில் விழலாம். அவற்றுள் தாயம் விழுவது 2 வகையில். பன்னிரண்டு விழுவது ஒரே வகையில். மூன்று விழுவதோ 4 வகையில். ஆட்டத்தில் இறங்கத் தாயம் வேண்டும் என்று ஏங்கிக் காத்திருக்கும் பிள்ளைக்கு இந்த விகிதம் சொல்லித் தரப்படுவதில்லை. பத்து ஆட்டத்துக்குள் அவன் அதைத் தானே உணர்ந்து, எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் தன் காயை நிறுத்தலாகாது என்று அறிந்துகொள்கிறான். விழுவது கட்டையின் செயல். எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா மலையேறுவதா என்பது அவன் செயல்.

வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருக்க ஆடும் பரமபதத்தில் அத்தெரிவும் இல்லை. பாம்பு கடித்தால் இறங்க வேண்டும், ஏணி கிடைத்தால் ஏற வேண்டும். ஆகவே அதில் அறிவுக்கு இடமில்லை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2008இல் அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்கள் ஒரே வரிசையில் அமைந்த பலகையில், ஏழைக் குடும்பத்துச் சிறுகுழந்தைகளை நான்கு அமர்வு ஆடவைத்தனர். அமர்வு ஒவ்வொன்றும் கால்மணி அல்லது இருபது நிமிடம். குழந்தைகளின் எண்ணறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்தும் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணமிட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. எண்ணிட்ட கட்டத்தில் விரல் வைத்து உரக்கச் சொல்லி நகரும் செயலே ஆசிரியனாகிறது. விடிய விடியப் பரமபதம் ஆடிய பாட்டிமார் பேரக்குழந்தைகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் அதைத்தான் செய்தனர்.

இவ்வாய்வுகள் வந்தபின் நம் பழைய ஆட்டங்களுக்குப் புதிய மதிப்பு வந்திருக்கிறது. மெருகிட்ட மரப்பெட்டியில் பல்லாங்குழி விற்கிறது. உள்ளே விதித்தாள் இருக்கிறது. நினைவாற்றல் பெருகும், கணக்கு வரும் என்று மூடியில் எழுதியிருக்கிறது. கைபேசியிலும் ஆடலாம், காயைக் கருவியே இட்டுச் செல்கிறது, பசுவையும் அதுவே எடுத்து உரியவர் கணக்கில் சேர்க்கிறது. இவற்றை வேண்டாம் என்று கூறுவது என் கருத்தன்று. ஆயினும் எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும். கணக்கு வந்தது. 'எங்க வீட்டுல இப்படித்தான்' என்ற வழக்கு வரவில்லை. விதித்தாள் அதைத் தீர்த்துவிட்டது. பசு விழுந்ததா என்று கண்கொட்டாமல் பார்க்கும் எதிரியின் விழிப்பும் வரவில்லை. கருவி பிழை செய்யாது. கஞ்சி காய்ச்ச இசையலாமா என்று மனம் ஊசலாடும் நொடியும் வரவில்லை. தோற்றவர் பொத்தானை அழுத்திப் புதிய ஆட்டம் தொடங்கலாம். அகநானூற்றுப் புலவர் கண்ட அந்தக் கவைத்த மனத்தின் ஒரு கிளை மட்டும் பெட்டிக்குள் வந்திருக்கிறது.

பாவாணர் 1954இல் எழுதி வைத்தது ஆட்டத்தின் முறையை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு வேறுபட்ட விதிகளையும், அவற்றுக்குப் பெண்கள் வைத்த பெயர்களையும் ஒரே மனிதர் முழுதும் தொகுத்தல் இயலாது. அவை இன்றும் செங்கோட்டை, கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் வீடுகளில் எழுபதும் எண்பதும் கடந்த ஆச்சிமாரிடம் இருக்கின்றன. கேட்டால் சொல்வார்கள்; வாயால் சொல்வதைவிடப் பலகையைக் கொடுத்தால் கை சொல்லும்.

அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டியவற்றுள் ஒன்று, தனியொருத்தியாக ஆடும் வகை. அசோகவனத்தில் இருந்த சீதை பொழுதுபோக்க ஆடியது என்று கூறிச் சீதைப்பாண்டி என்பர். எதிரி இல்லை, தக்கம் இல்லை, வழக்கும் இல்லை. ஒரே கை அள்ளி ஒரே கை இடும். மற்ற ஆட்டங்களை மறந்துவிட்ட வீடுகளிலும் இந்த ஒன்றை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டியர் உண்டு.